எண்ணெய் கேனுக்கு உப்புத்தாள் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்குகிறது. நம் நெல்லைச் சீமையில் வண்ணார்பேட்டை லேத் பட்டறை, அம்பாசமுத்திரத்து ரைஸ் மில், ஆலங்குளம் பக்கத்துப் பம்ப்செட் அறை, தெருமுனைத் தையல்கடை என்று எல்லா இடத்திலும் ஒட்டடை அடிக்கிற வேலை தொடங்கிவிடும். அந்த வேலையில் பழைய எண்ணெய் கேன்களுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். பழைய இரும்போடு சேர்ந்து காயலான் கடைக்குப் போகும்; இல்லையென்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சில்வர் பெயின்ட் அடித்து, பொட்டு வைத்துப் பூஜையில் உட்காரும். காயலான் கடைக்குப் போனதையாவது பின்னாலேயே ஓடிப்போய் மீட்டுவிடலாம். உப்புத்தாள் பட்டது மீளாது. பழைய எண்ணெய் கேன்களையும் டின்களையும் தேடிச் சேர்த்துவைக்கும் நாங்கள் சிலர் இந்தக் கடிதத்தை எழுதுவது அதற்காகத்தான்.

கம்பெனிப் பெயரும் படமும் அச்சிட்ட டின்னின் மதிப்பு முழுக்க அதன் மேல்தோலில் இருக்கிறது. அந்த அச்சு, டின் செய்தபிறகு பிரஷ்ஷால் அடித்த பெயின்ட் அல்ல. தகடு தட்டையாக இருக்கும்போதே ஒவ்வொரு நிறமாக மை அச்சிட்டு, சூளையில் சுட்டு இறுக்கி, அதற்குப் பிறகுதான் வெட்டி வளைத்து டின்னாக்குவார்கள். அந்த மை பெயின்டைவிட மிக மெல்லியது. அதன் கீழே வெள்ளீயப் பூச்சு, அது இன்னும் மெல்லியது. அதற்கும் கீழேதான் இரும்பு. உப்புத்தாள் நாலு இழுப்பில் மையையும் வெள்ளீயத்தையும் கடந்து இரும்பைத் தொட்டுவிடும். பூஜை முடிந்த கையோடு ஐப்பசி மழை வருகிறது. தோல் உரிந்த இரும்பு அந்த ஈரக்காற்றில் ஒரு வாரம் தாங்காது. சில்வர் பெயின்டுக்கு அடியிலேயே துரு ஓடி, தைக்குள் பெயின்ட் பொருக்கு பொருக்காகக் கிளம்பும். மறு வருடம் மறுபடி உப்புத்தாள். நம் பக்கத்துக் கேன்கள் பெரும்பாலும் இப்படித்தான் அழிகின்றன.

எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். முதலில் தையல் மிஷின் கேன். உள்ளங்கையில் அடங்கும். மேலே கூம்பு மூக்கு, கீழே மெல்லிய எஃகுத் தகட்டில் அடித்தட்டு. மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டைவிரலால் அடித்தட்டை அழுத்தினால் ‘டிக்’ என்று உள்ளே போகும், ஒரு சொட்டு விழும். விரலை எடுத்தால் ‘டொக்’ என்று வெளியே வரும், அந்த நேரத்தில் மூக்கு வழியாகக் காற்று உள்ளே ஏறும். வால்வு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, அடித்தட்டேதான் ஸ்பிரிங். வாங்கும்போது முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் செத்திருந்தால் தட்டு ஒடுங்கியிருக்கிறது அல்லது விளிம்பில் கீறல் விட்டிருக்கிறது. அதை உள்ளிருந்து கம்பியால் தட்டி நிமிர்த்தப் பார்ப்பது பெரிய தவறு. தட்டு விளிம்போடு சேரும் வட்டத்தில்தான் உலோகம் களைத்திருக்கும், அங்கேயே பிளந்துகொள்ளும். சத்தமில்லாத கேனை அப்படியே வைத்துக்கொள்வது மேல்.

அடுத்தது விசை வைத்த பம்ப் கேன், மெக்கானிக் கடைகளில் இருப்பது. பெருவிரலால் விசையை அழுத்தினால் உள்ளே பிஸ்டன் இறங்கி எண்ணெயைத் தள்ளும். இது வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். பத்தில் ஒன்பது கேனில் கோளாறு இரண்டில் ஒன்றுதான்: அடியில் இருக்கும் சின்ன இரும்புக் குண்டு இறுகிய எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருக்கும். மூக்கையும் பம்பையும் மரையில் கழற்றி, ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் போட்டால் குண்டு விட்டுக்கொடுக்கும். கழற்றும்போது கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்; குண்டு மிளகளவுதான் இருக்கும், தரையில் உருண்டால் போயிற்று. தோல் வாசர் முழுதாக இருந்தால் விளக்கெண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்தால் போதும், உப்பி இளகிவிடும். கிழிந்திருந்தால் சைக்கிள் பம்பின் தோல் வாசர் வாங்கி, அளவுக்கு வெட்டிப் போடலாம். கிண்ணம்போல் குழிந்த பக்கம் எண்ணெயைத் தள்ளும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எவ்வளவு அடித்தாலும் ஏறாது.

மூன்றாவது, நீண்ட மூக்குக் கேன்கள். நீராவி இன்ஜினின் சக்கரங்களுக்கு நடுவே கை நுழையாத இடத்துக்கு எண்ணெய் விடுவதற்கென்றே மூக்கு அத்தனை நீளம். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து பாதை போட்டு 1904-ல் ரயில் விட்டார்கள். பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி 1885-லேயே ஹார்வி நூற்பாலை வந்துவிட்டது. ரயிலும் ஆலையும் இத்தனை பழசாக உள்ள சீமையில் இந்த வகைக் கேன் கிடைக்காமல் போகாது. பரணிலும் தொழுவத்திலும் தேட வேண்டும். மூக்கு அடிப்பாகத்தோடு சேரும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள், செய்தவர் பெயர் அங்கே குத்தியிருக்கலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஜோசப் கேய் கம்பெனியின் கேன்கள் ரயில்வே கேன்களில் பேர்பெற்றவை. பெயர் குத்தியிருக்கும் இடத்தில் அரம் படவே கூடாது.

நான்காவதுதான் பலரும் ஆசைப்படுவது: கம்பெனி டின்கள். பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ், காஸ்ட்ரால், வீடால், மொபில். இவற்றின் வயதைச் சொல்ல ஆள் தேவையில்லை, டின்னே சொல்லும். பர்மா ஷெல் என்ற பெயர் இந்தியாவில் 1928-ல் வந்தது. 1976-ல் அரசு எடுத்துக்கொண்டு, அடுத்த வருடம் பாரத் பெட்ரோலியம் ஆனது. ஆகவே அந்தப் பெயர் உள்ள டின் இந்த வருடங்களுக்கு இடைப்பட்டது. எஸ்ஸோவுக்கு முன்னோடியான ஸ்டான்வாக் கம்பெனியின் பெயர் இருந்தால் 1962-க்கு முந்தியது. அதன் பிறகு வந்த எஸ்ஸோவை 1974-ல் அரசு ஏற்று ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆக்கியது; கால்டெக்ஸ் 1978-ல் அதோடு சேர்ந்தது. இந்தியன் ஆயில் கம்பெனியின் சர்வோ என்று இருந்தால் 1972-க்கு முன்னால் போகாது.

பெயர் அழிந்துபோனாலும் வழி உண்டு. கேலன், குவார்ட், பைன்ட் என்று அளவு போட்டிருந்தால் பெரும்பாலும் 1960-களுக்கு முந்தியது. மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல் வந்தாலும் லிட்டர் நிலைக்கச் சில வருடம் பிடித்தது. ஒரு கேலன் என்பது 4.546 லிட்டர், பைன்ட் என்பது 568 மில்லி. முகவரியில் ‘மெட்ராஸ்-1’ என்று ஓரிரு இலக்க எண்ணோடு நின்றால் பழசு. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான், ஏனென்றால் பின்கோடே அன்றைக்குத்தான் வந்தது. பக்கவாட்டு மூட்டையும் தடவிப் பாருங்கள். ஈயம் வைத்துப் பற்றிய மூட்டு பழைய வேலை. விலையும் மாதமும் வருடமும் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1977-ல் பொட்டலப் பொருள் விதிகள் வந்தபிறகு அடைத்தது. ஒரே அடையாளத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள். இரண்டு மூன்று ஒத்துப்போக வேண்டும்.

மண்ணெண்ணெய் டின்னை மறந்துவிடக் கூடாது. 4 கேலன், அதாவது சுமார் 18 லிட்டர் பிடிக்கும் சதுர டின். இரண்டு டின்னின் மேல்வாயில் கட்டை அடித்துக் காவடி கட்டித் தண்ணீர் சுமந்தார்கள், முறுக்கும் மிக்சரும் போட்டு வைத்தார்கள், துளசி நட்டார்கள். பிரித்துத் தட்டையாக்கிக் கதவுக்கும் தடுப்புக்கும் அடித்தார்கள். இந்தக் கடைசி வழக்கம் எங்களுக்குப் பெரிய உபகாரம். தொழுவத்துக் கதவிலும் பழைய தகரக் கொட்டகையிலும் அச்சிட்ட பக்கத்தை உள்ளே வைத்து அடித்திருப்பார்கள். வெயில் படாமல் சிவப்பும் மஞ்சளும் நேற்று அச்சிட்டதுபோல் இருக்கும். பழைய வீட்டை இடிக்கும்போது கதவின் உட்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆணியைக் குறடு வைத்துப் பிடுங்காமல், பின்பக்கமாகத் தட்டி வெளியேற்றினால் தகடு கிழியாது.

தேடும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காயலான் கடை என்ற பேச்சே காயல்பட்டினத்தை ஒட்டி வந்தது என்பார்கள்; நம் சீமையில் அதற்குப் பஞ்சமில்லை. லோடு அடுக்கி நசுக்கும் மெஷினுக்குப் போகும் முன் கடைக்காரரிடம் சொல்லி வைப்பதுதான் ஒரே வழி. எடை விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் தனியே எடுத்து வைப்பார்கள். கடற்கரைப் பக்கம், திருச்செந்தூர் உவரி வட்டாரத்தில் கிடைப்பவை உப்புக்காற்றில் அரித்தவை. மேற்கே தென்காசி செங்கோட்டைப் பக்கம் சாரல் பட்டவை. கயத்தாறு, கோவில்பட்டிக் கரிசல்காட்டுப் பம்ப்செட் அறைகளில் இருப்பவைதான் பெரும்பாலும் நல்ல நிலையில் வருகின்றன. காற்று காய்ந்தது, மேலே எண்ணெய்ப் படலமும் இருக்கும்.

அந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அச்சை இத்தனை வருடம் காத்தது அதுதான். அதை எடுக்கும் முறைக்கு வருகிறோம்.

உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயை ஒரு பாட்டிலில் வடித்துக்கொள்ளுங்கள். சாக்கடையிலோ ஆற்றிலோ ஊற்ற வேண்டாம். பட்டறைகளில் கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் துலக்கும் திரவம். பஞ்சை நனைத்து, பிழிந்து, கேனின் அடிப்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் பழுப்பு ஏறினால் அழுக்கு. சிவப்போ நீலமோ ஏறினால் மை கரைகிறது, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பழுப்பு மட்டும் வந்தால் அதே அகலத்துக்கு ஒவ்வொரு இடமாகத் துடைத்து, உடனே வெறும் தண்ணீர்ப் பஞ்சு, உடனே உலர்ந்த துணி. கேனைத் தண்ணீரில் முக்கக் கூடாது. மூட்டு மடிப்புக்குள் போன தண்ணீர் வெளியே வராது; அங்கிருந்துதான் துரு புறப்படும். துடைத்தபின் நிழலில் ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுதும் தலைகீழாக நிற்கட்டும்.

சோப்புக்கு மசியாத, பிசின்போல் இறுகிய எண்ணெய்க்கு மண்ணெண்ணெய். இதையும் அடிப்பக்கம் சோதித்த பிறகே. பஞ்சில் தொட்டு வைத்து, பத்து நிமிடம் விட்டு, மூங்கில் குச்சியை உளிபோல் சீவி அதனால் நெம்பினால் ஏடாகக் கிளம்பும். பிளேடு வேண்டாம். தின்னர், அசிட்டோன் இரண்டும் கேன் இருக்கும் அறைக்குள்ளேயே வர வேண்டாம். நாற்பது வருட மையை நாலு நொடியில் கரைத்துவிடும். பெட்ரோலும் வேண்டாம், தீப்பிடிக்கும் பயம் உண்டு.

துருப்புள்ளி இருந்தால் அதன்மேல் மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் 0000 நம்பர் ஸ்டீல் வூலை, அதாவது மிக மெல்லிய இரும்புப் பஞ்சை, குச்சி முனையில் சுற்றி, புள்ளியின் எல்லையைத் தாண்டாமல் தேய்க்கலாம். துரு முழுவதும் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஓடுகிற துரு நின்றால் போதும். நின்ற துரு கேனின் வயசு. அச்சே இல்லாத வெறும் இரும்புக் கேனாக இருந்தால் வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவலாம். வெள்ளீயம் பூசியதில் இதைச் செய்தால் பூச்சு கருத்துப்போகும்.

நம் வீடுகளில் செம்பு பித்தளை என்றாலே கை புளிக்குப் போகும். இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. சிவப்பாக மின்னும் கேன்களில் பல செம்பு அல்ல, இரும்பின் மேல் செம்பு முலாம். காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் முலாம். அதைப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தால் இரண்டு பூஜையில் முலாம் கழன்று, உள்ளிருந்து இரும்பு கறுப்பாக எட்டிப் பார்க்கும். காந்தம் ஒட்டாத முழுப் பித்தளைக்குப் புளித்தண்ணீர் போடலாம், செங்கல்பொடி அதற்கும் கூடாது.

சுத்தம் செய்தபின் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறார்கள். அது நாளாவட்டத்தில் சிக்கடித்துத் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வார்னிஷ் அதைவிட மோசம். மஞ்சளாகும், பிறகு எடுக்கப் போனால் மையும் சேர்ந்து வரும். அரைக்கும் பொடி கலக்காத கார் மெழுகைத் துணியில் மிக லேசாகத் தொட்டுப் பூசி, காய்ந்தபின் பளபளப்பாகத் துடைத்தால் போதும். வருடத்துக்கு இரண்டு முறை, வைகாசியிலும் புரட்டாசியிலும். சாரலுக்கு முன் ஒன்று, அடைமழைக்கு முன் ஒன்று.

காகித லேபிள் ஒட்டிய டின்னில் தண்ணீரே படக் கூடாது, மெல்லிய பிரஷ் மட்டும். லேபிள் கிளம்பியிருந்தால் அரிசிக்கஞ்சிப் பசை வைத்து ஒட்டுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கிற பழக்கம் நமக்கு உண்டு. சுவரொட்டிக்குச் சரி, தகரத்துக்கு ஆகாது. வெள்ளீயம் தேய்ந்த இடத்தில் துத்தத்திலுள்ள செம்பு இரும்பின் மேல் படிந்து, அந்த இடத்தில் துரு இன்னும் வேகமாக ஓடும்.

இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் விடக் கூடாது. ஓட்டை அடைக்க ஈயம் வைக்கப் போகும்போது, காலி டின்தானே என்று நினைக்காதீர்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் இருந்த காலி டின்னில் ஆவி நிற்கும். சூட்டுக்கோல் பட்டதும் வெடிக்கும். சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, பற்றவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அதுவும் தகரவேலை தெரிந்தவர் கையால். ஈயம் பிடிப்பதற்காகப் பூசும் ஆசிட்டைப் பற்றவைத்தபின் கழுவாமல் விட்டால் பற்றின் ஓரத்தையே அது தின்னும். இன்னொன்று, பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலரத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், குழந்தைகள் கையில் ஒட்டும். உப்புத்தாள் வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம். பழைய டின் எவ்வளவு சுத்தமானாலும் அதில் சமையல் எண்ணெயோ தின்பண்டமோ போடாதீர்கள்.

ஏற்கெனவே சில்வர் பெயின்ட் அடித்தாகிவிட்டது என்பவர்களும் தூக்கிப் போட வேண்டாம். காற்றில் காய்ந்த பெயின்டின் பிடி, சூளையில் சுட்ட மையின் பிடியைவிடத் தளர்வு. ஓரத்தில் மூங்கில் குச்சியால் நெம்பிப் பாருங்கள். சில டின்களில் பெயின்ட் பட்டையாக உரிந்து, அடியில் எழுத்து அப்படியே இருக்கும். வரவில்லை என்றால் கட்டாயப்படுத்தாமல் வைத்துவிடுங்கள்.

இப்போது பழசுபோலச் செய்த புது டின்களும் விற்பனைக்கு வருகின்றன. பூதக்கண்ணாடியில் எழுத்தைப் பாருங்கள். பழைய டின்னில் எழுத்தின் சிவப்பு ஒரே சிவப்பு மையாக நிரம்பியிருக்கும். புதிதில் எழுத்தே பலநிறப் புள்ளிகளால் ஆனதாகத் தெரியும். துருவையும் கவனியுங்கள். இயற்கையான துரு அடி விளிம்பிலும் கைப்பிடி உரசும் இடத்திலும் மிகுதியாக இருக்கும். ஆசிட் தெளித்த துரு எங்கும் ஒரே சீராக இருக்கும்.

வைக்கும் இடம் பலகை. சிமென்ட் தரை ஈரம் ஏற்றும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, மேற்கு வெயில் விழாத இடமாக. மூடியை இறுக்கித் திருகாமல், பாலிதீன் பையில் போடாமல். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் நூலில் ஒரு அட்டை கட்டி, எந்த ஊரில், எந்த வேலைக்கு இருந்தது, எப்போது கிடைத்தது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும்.

பட்டறைக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவே. இந்த வருடம் எண்ணெய் கேனை உலர்ந்த துணியால் துடைத்து மட்டும் பூஜையில் வையுங்கள். சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு அச்சின் மேல் ஒரு ராத்திரி இருந்தால் கறை தங்கிவிடும், கீழே துருவும் கட்டும். பொட்டைக் கைப்பிடியில் வையுங்கள். விஜயதசமி அன்று கேனை எடுக்கும்போது அதைத் துடைத்து, ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தடவிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய எண்ணெய் கேன் சேகரிப்போர்,
பாளையங்கோட்டை.